ஹைகிரவுண்டா, திருவனந்தபுரமா, அடையாறா?

பெரியம்மாவின் பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், ஆலங்குளத்தில் அவர் வீட்டுத் தார்சாவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை, அதாவது வாயைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்கும் பரவிய நிலை. சென்னை மாமா போனில் ஸ்பீக்கரில் இருந்தார். "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க, வேற பேச்சே கெடையாது" என்றார். பெரியம்மாவின் மகன், அதாவது எங்கள் அண்ணன், லாரி ஓட்டுகிறவர்; வாரத்துக்கு இரண்டு நடை கேரளம் போய்வருவார். அவருக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையத்தை விட்டால் உலகத்தில் வேறு புற்றுநோய் ஆஸ்பத்திரியே கிடையாது. மைனியின் தம்பி மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், 'இவளுக்கு அலைச்சல் இருக்கப்பிடாதுன்னு சொல்லுதா' என்று பேச்சு வரும்.

பெரியம்மா மட்டும் சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டே இருந்தார். "நாளைக்குக் கட்டு குடுக்கணும்லா" என்றார்.

அந்த ஒரு வாரம் நாங்கள் விசாரித்ததையும், அப்புறம் இரண்டு வருஷமாகத் தெரிந்தவர்கள் வீடுகளுக்காக விசாரித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். நம் பக்கம் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால் 'என்ன வைத்தியம்' என்று கேட்பதற்கு முன்பே 'எங்கே கொண்டுபோறது' என்று கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் முதல் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

நடக்க இருந்த தப்பு

அதற்கு இரண்டு மாதம் முன்பு, தீட்டு நின்று நாலு வருஷமான பெரியம்மாவுக்குத் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே வயிற்றில் ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு, "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது, வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்க்கவும் இல்லை, துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பவும் இல்லை.

வியாழக்கிழமை தெருவுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ்தான் தடுத்தார். "தீட்டு நின்ன பொறவு ரத்தம் பட்டா மொதல்ல சதை டெஸ்ட் எடுக்கணும் ஆச்சி" என்று சொல்லிச் சீட்டு எழுதி ஹைகிரவுண்டுக்கு அனுப்பினார். அவர் அன்று அந்தத் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்திருக்கும். கர்ப்பப்பை வாயில் புற்று இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நோய் முழுசாக வெளியே வராது. மறுபடி கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், அதுவும் குடல் கீழே இறங்கிக் கிடக்கிற வயிற்றில். இது ஏதோ அபூர்வமாக நடப்பதும் இல்லை. ஹைகிரவுண்டில் காத்திருந்த நாட்களில் இதே கதையைச் சொன்ன இரண்டு பேரைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்கு நர்ஸ் வரவில்லை.

அதனால் எந்த ஊர் என்று பேசுவதற்கு முன்னால் கையில் மூன்று காகிதம் இருக்க வேண்டும்: பயாப்சி முடிவு, நோய் எதுவரை போயிருக்கிறது என்று சொல்லும் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ., என்ன சிகிச்சை என்று டாக்டர் எழுதிய தாள். இந்த மூன்றையும் திருநெல்வேலியிலேயே வாங்கிவிடலாம். பயாப்சி எடுத்த இடத்தில், அந்தச் சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இல்லையென்றால் திரும்பவும் துணுக்கு எடுப்பார்கள், பத்து நாள் போய்விடும்.

ஒரு தாளில் இருந்த கணக்கு

ஹைகிரவுண்டில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 25 நாள் வெளிக் கதிர்வீச்சு, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆக 5 வாரம். வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, டிரிப்பில். அது முடிகிற சமயத்தில் உள்கதிர்வீச்சு, அதாவது உள்ளே கருவி வைத்துக் கொடுப்பது, சில தடவை. கீழே கோடு போட்டு, 'மொத்தமும் 56 நாளுக்குள்' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருந்தார். எட்டு வாரத்தைத் தாண்டி இழுத்தால், இழுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார்.

"இதே வைத்தியம் அடையாறுல வேற மாதிரி குடுப்பாங்களா?" என்று அண்ணன் கேட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. 1999-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு இந்த நிலைக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்த்துக் கொடுப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம், மருந்தும் அதுதான், அளவும் ஏறக்குறைய அதுதான் என்று விளக்கினார். "எங்க வேணா போங்க. ஆரம்பிச்சா நடுவுல நிக்கப்பிடாது."

எங்கள் ஒப்பீடு அந்த இடத்தில்தான் திசை மாறியது. அதுவரை எது பெரிய ஆஸ்பத்திரி என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு, 54 வயதான ஒரு பெண் எட்டு வாரம் ஒரு நாளும் விடாமல் எங்கே போய்வர முடியும் என்று கணக்குப் போட ஆரம்பித்தோம்.

அடையாறு

மாமா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த வருஷமே அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. காசு இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நடத்தப்பட்ட இடம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்று, எலும்புப் புற்று, எந்த வகை என்றே பிடிபடாத கட்டி என்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போகச் சொல்வேன். ஒரே வகை நோயைத் தினமும் பார்க்கிற கைக்கும், வருஷத்துக்கு ஒன்று பார்க்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு.

ஆனால் திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். இப்போது வந்தே பாரத்தில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். போவது பிரச்சினை இல்லை, தங்குவதுதான் பிரச்சினை. எட்டு வாரம் மாமா வீட்டில் இருக்கலாம் என்றார்கள். மாமா வீடு தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் அங்கிருந்து அடையாறு போய்வர ஆலங்குளத்திலிருந்து பாளையங்கோட்டை வருகிற நேரத்தைவிடக் கூடுதல். கூட ஒரு ஆள் வேண்டும். அண்ணன் லாரியை நிறுத்த வேண்டும் அல்லது மைனி இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஏட்டி, அங்கன போயி மாடிப்படி ஏறியே செத்துருவேன்."

திருவனந்தபுரம்

இதைத்தான் நான் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஜனங்களின் மனசு இருப்பது அங்கே. நோய் என்றால் 'ட்ரிவான்ட்ரம் கொண்டு போயிருங்க' என்பது இங்கே பழமொழி மாதிரி. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, கன்னியாகுமரியும் அப்படித்தான். எல்லை மாறியதே தவிர, ஆரியங்காவு வழியாகப் போகிற பஸ் மாறவில்லை. தென்காசிக்காரருக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் சொந்த ஊர் மாதிரி. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருப்பவர்கள் நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடுவார்கள்.

மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள் இருக்கும் ஆர்.சி.சி. 1981-இல் தொடங்கியது. தென் தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகள் அங்கே எப்போதும் ஏராளம். வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் தமிழ் கேட்கும். டாக்டர்களும் நர்ஸ்களும் தமிழ் புரிந்துகொள்வார்கள். வாய், தொண்டை, தைராய்டு புற்றுகளில் அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம். ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து என மூன்று பிரிவு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோயாளிக்குத் திட்டம் போடுகிற வழக்கம் அங்கே நன்றாக வேரூன்றிய ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிக்கு வைத்தியம் பார்ப்பதில் கேரளம் நமக்கு முன்னோடி. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம்தான் இந்தியாவுக்கே வழிகாட்டியது. நோய் முற்றிவிட்ட ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருந்தால் மார்பின் மாத்திரை கொடுக்கப் பயப்படாத டாக்டர்கள் அங்கே அதிகம். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபோது மார்பின் கிடைப்பதற்கு இருந்த முட்டுக்கட்டைகள் நாடு முழுக்கவே தளர்ந்தன. ஆனாலும் நம் ஊரில் இன்னும் 'மார்பின் கொடுத்தால் கடைசி' என்ற பயம் சொந்தக்காரர்களிடம் இருக்கிறது, சில டாக்டர்களிடமும் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் ஏன் போகவில்லை? அண்ணனோடு நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரயிலில் மூணு நாலு மணி நேரம். தினமும் போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றி வாடகை அறைகள் இருக்கின்றன. ஒரு அறையில் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஈரச்சேலை, மண்ணெண்ணெய் ஸ்டவ், பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம், சுவர் ஓரமாகச் சங்கரன்கோவில் பக்கத்து ஆள் ஒருவர் தொண்டையில் மையால் கோடு போட்டபடி படுத்திருந்தார். அவர் மனைவி ஆறாவது வாரமாக அந்த அறையில் இருக்கிறார். "டாக்டர் நல்லாத்தான் பாக்காவ. வீட்டுல ஆடு என்னாச்சுன்னுதான் தெரியல" என்றார்.

காசு விஷயமும் உண்டு. கேரள அரசு தன் ஜனங்களுக்குக் கொடுக்கும் சலுகைகள் நமக்குக் கிடையாது. நம்முடைய காப்பீட்டு அட்டை அந்த மாநிலத்தில் எந்த அளவுக்குச் செல்லும் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே அங்கே உள்ள காப்பீட்டு கவுண்டரில் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்ள வேண்டும். 'கேரளா ஆஸ்பத்திரி, கம்மிதான் ஆகும்' என்று போய்விட்டு, மூணாவது வாரம் நகையை அடகு வைத்தவர்களைத் தெரியும்.

எங்கள் முடிவு: ஸ்லைடையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் அங்கே ஒருமுறை காட்டி அபிப்பிராயம் வாங்குவது. வாங்கினோம். ஹைகிரவுண்ட் தாளில் இருந்ததையே சொன்னார்கள். போன செலவு தண்டம் என்று அண்ணன் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் மாற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த நிம்மதிக்கு ரயில் டிக்கெட் மலிவு.

மதுரையும் நெய்யூரும்

மதுரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ராஜாஜி ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவும், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் அங்கே உண்டு. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு அது சரியாக வரலாம். எங்களுக்குத் தூரமும் குறையவில்லை, சொந்தமும் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுவில் இருந்த சாமர்வெல் என்ற டாக்டர், இறங்கி வந்த பிறகு நம் தெற்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியிலேயே பல வருஷம் கத்தி பிடித்தார். புற்றுநோய் சிகிச்சைக்கு அந்த ஊருக்கு இன்றைக்கும் பெயர் உண்டு. நாங்குநேரிக்குத் தெற்கே இருப்பவர்கள் விசாரிக்காமல் விடக் கூடாத இடம்.

ஹைகிரவுண்ட்

1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிதான் ஹைகிரவுண்ட். கதிர்வீச்சுப் பிரிவும் உண்டு, மருந்து கொடுக்கும் வார்டும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்கு உள்ள கூட்டம், வரிசை, 'அந்தச் சீட்டை இங்க காட்டு, இந்தச் சீட்டை அங்க காட்டு' எல்லாம் உண்டு. முதல் வாரம் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இரண்டாவது வாரம் நோயாளியே அடுத்தவருக்கு வழி சொல்வார். பெரியம்மா சொன்னார்.

பக்கம் என்பதையும் உரசிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இன்னொரு பஸ் மாறி ஹைகிரவுண்ட் வர ஒன்றரை மணி நேரம். மகளிருக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் கொஞ்சம் செலவு மிச்சம். ஆனால் அடிவயிற்றுக் கதிர்வீச்சுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: சிறுநீர் கழித்துவிட்டு, அளந்து தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு போய்ப் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கும், அதன் மேல் கதிர் படுவது குறையும். மூன்றாவது வாரத்தில் பேதி ஆரம்பிக்கும். பேதியோடு ஒருத்தி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து, தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, திரும்ப ஒன்றரை மணி நேரம் போவதை நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு நாள் வர மாட்டாள். ஒரு நாள் இரண்டாகும்.

அதனால் ஐந்து வாரமும் பெரியம்மா என் வீட்டில் இருந்தார். சொளவையும் கத்தரியையும் கொண்டுவந்துவிட்டார். ஊரிலிருந்து மைனி இலையும் தூளும் கொடுத்துவிட, முடிந்தபோது சுற்றினார். இடுப்பில் டெக்னீஷியன் போட்ட ஊதா மைக்கோடு அழியாமல் இருக்க, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, சோப்புப் போடாமல் குளித்தார். "கல்யாணத்துக்கு மருதாணி வச்சப்போகூட இம்புட்டு காபந்து பண்ணல" என்று சிரிப்பார். வாராவாரம் ரத்தம் பார்ப்பார்கள். நாலாவது வாரம் ஹீமோகுளோபின் இறங்கியது. அண்ணனும் அவர் கிளீனரும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திருவனந்தபுரத்து அறையில் இருந்திருந்தால் யாரைத் தேடியிருப்போம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. உள்கதிர்வீச்சும் அதே இடத்தில்தானா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? அனுப்பினால் தேதி இப்போதே குறித்துத் தருவார்களா? மெஷின் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு நாள் நிற்கும். நின்றால் சனிக்கிழமை ஈடுகட்டுவார்களா? இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். நன்றாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

காசு

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் (நெல்லைக்குக் கொக்கிரகுளம்) போனால் அட்டைக்குப் பதியலாம். அட்டை இல்லாவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நிற்காது. அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த தனியாருக்கும் போக வழி திறக்கும். ஆகவே ரிசல்ட் வருவதற்கு முன்பே அட்டைக்கு அலையுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் நல நிதி உதவியைக் கேட்டுப் பார்க்கலாம். பெரியம்மா அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார், அது வேறு கதை.

வெளியூர்தான் என்று முடிவானால், ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுக்கக் கழிவு, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு கழிவு. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அடையாறுக்குப் போய்வருகிற பலருக்கு இது தெரியவில்லை.

சித்த மருத்துவம் பற்றி

1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் பாளையங்கோட்டை. அதனால் இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் வராமல் இருக்காது. எங்கள் வீட்டிலும் வந்தது. எனக்கு மூட்டுவலிக்கு அங்கேதான் மருந்து, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மருந்து. அதே நேரத்தில் பற்பம், செந்தூரம் என்று இன்னொன்றும் உள்ளே போனால், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறும்போது எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு வாரம் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று தடுத்துவிட்டோம். 'மொதல்ல மூணு மாசம் நாட்டு மருந்து பாப்போம்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து. 2பி மூன்று மாதத்தில் 2பி-யாகவே இருக்காது.

நோய் வருவதற்கு முன்னால்

பெரியம்மா கதை தெரிந்த பிறகு எங்கள் ஸ்டாப் ரூமில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. முழு உடல் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் விளம்பரம் வருகிறதே, அதில் போவோமா என்றார்கள். அந்தத் தொகுப்புகள் பலவற்றில் கர்ப்பப்பை வாய்ச் சோதனையே இருக்காது. கொலஸ்ட்ரால் இருக்கும், வைட்டமின் டி இருக்கும். பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பது; வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் மேல் சோதனைக்கு அனுப்புவார்கள். பார்க்க ஏதோ வினிகர் வைத்தியம் மாதிரி இருக்கிறதே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இதை ஆயிரக்கணக்கான பெண்களிடம் செய்து பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்தது. இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சோதனை இதைவிடக் கூர்மையானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு தடவை அதைச் செய்த பெண்களிடையே சாவு ஏறக்குறைய பாதியானது. காசு கொடுக்க முடிந்தால் எச்.பி.வி. சோதனை, இல்லையென்றால் சுகாதார நிலையம், இரண்டும் இல்லாமல் மட்டும் இருக்காதீர்கள் என்று ஸ்டாப் ரூமில் சொன்னேன். ஏழு பேரில் நாலு பேர் போனார்கள்.

தீட்டு நின்றவர்களுக்கு அந்த அமிலச் சோதனை அவ்வளவு பொருந்தாது, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடும். ரத்தம் பட்டால் அப்புறம் எந்த ஸ்கிரீனிங்கும் வேண்டாம், நேராகப் பயாப்சி. பெரியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் அவர் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிக்கொண்டிருந்தார், அவரை யார் கூப்பிட்டார்கள்?

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயைக் காட்டிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் செய்த ஆய்வில், வாயைத் திறக்கச் சொல்லி வெறும் கண்ணால் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டார்ச் லைட் ஒன்றுதான் செலவு. மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடு எத்தனை?

பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. புனேவின் செர்வாவாக் வந்த பிறகு தனியாரிலும் முன்பைப் போல விலை பயமுறுத்தவில்லை. 14 வயதுச் சிறுமிகளுக்கு அரசே போடும் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். என் வகுப்பு எட்டாம் வகுப்பு. தடுப்பூசி என்றதும் 'பிள்ளை பெற முடியாமல் போகுமாமே' என்று கேட்ட அம்மாக்களிடம் பெரியம்மாவையே பேச வைத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது, ஆனால் அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்புறம் என்ன ஆனது

உள்கதிர்வீச்சும் சேர்த்து எல்லாம் 53-ஆம் நாள் முடிந்தது. முதல் இரண்டு வருஷம் மூணு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருஷம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் பதினாலு நடை. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பதினாலையும் சேர்த்து எண்ணுங்கள். சிகிச்சை முடிந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து வந்தவர்கள்தான்.

எட்டாவது நடை போன மாதம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். வெளியே வந்த பெரியம்மா கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் நின்றுவிட்டார். கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் அவஸ்தை. பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எத்தனாவது நாளு?"

"ஒம்பது."

"எந்தூரு?"

"கடையம்."

"டெய்லி பஸ்ஸுலயா வாரே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒன் வீட்டுல அந்தப் பின்கட்டு அறை சும்மாத்தான கெடக்கு?"